ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்காதீர்கள்: முதன்முறை சுவிட்சர்லாந்து வருகிறவர்களுக்கு

போன கோடையில் மதுரையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் பெர்ன் வந்தார்கள். ஞாயிறு மதியம் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தப்பா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். பூட்டிய கடை, அடுத்ததும் பூட்டிய கடை, அதற்கடுத்ததும். "என்னப்பா, இன்னைக்கு ஏதும் பந்த்தா?" என்றார். பந்த் எல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

ஒவ்வொரு கோடையிலும் சொந்தக்காரர், நண்பர், நண்பரின் நண்பர் என்று யாராவது வருகிறார்கள். எல்லோரும் விலைவாசியை நினைத்துப் பயந்துகொண்டேதான் வருகிறார்கள். பயம் நியாயம்தான், ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. ஆனால் அவர்கள் வீணாக்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஏதோ ஒரு சின்ன விஷயம் தெரியாமல் போனதால்தான். அந்தச் சின்ன விஷயங்களைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

விசாவில் தொடங்குவோம்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழி செய்யும் ஷெங்கன் பகுதியில் 2008 முதல் இருக்கிறது. அதனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு வழக்கமான ஷெங்கன் விசா போதும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்வரை இருக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். சென்னையில் வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம் தனி.

பாரிஸ், சுவிஸ், ரோம் என்று கலந்து போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. 'அங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதாம்' என்று வேறு நாட்டுக்குப் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எல்லையில் ஹோட்டல் புக்கிங்கைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசாவுக்காக ஒப்புக்கு எடுக்கும் காகிதமாக அதை நினைக்க வேண்டாம். இங்கே ஆம்புலன்ஸ் கூப்பிட்டாலே பில் வரும்.

2025 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, நுழைவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் தடவை முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்வார்கள். வரிசை நீளலாம். வந்து இறங்கியதும் பிடிக்க வேண்டிய ரயிலை மிக நெருக்கமாகத் திட்டமிடாதீர்கள்.

பெட்டியில் என்ன வைக்கலாம்

சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு: தாராளமாக. இறைச்சியும் பாலில் செய்த பண்டங்களும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். பச்சைக் காய்கறி, பழம், விதை, செடி எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கும் மட்டும் விலக்கு. அதாவது தேங்காய் வரலாம், கறிவேப்பிலை வரக்கூடாது. ஒரு கட்டுக் கறிவேப்பிலையைச் சேலைக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவரும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வேண்டாம், இங்கே தமிழ்க் கடையில் கிடைக்கிறது.

அடுத்தது பிளக். மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட். ஆனால் சுவர் சாக்கெட் ஐரோப்பாவிலேயே தனி ரகம்: அறுகோணக் குழிக்குள் மூன்று துளை. உங்கள் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் அப்படியே நுழையும். லேப்டாப்பின் மூன்று பின் பிளக் நுழையாது. 'ஐரோப்பா அடாப்டர்' என்று நம் ஊர்க் கடையில் கொடுக்கும் உருண்டையான, தடித்த பின் உள்ள ஜெர்மன் ரகமும் இந்தக் குழிக்குள் போகாது. சுவிஸ் அடாப்டர் என்று கேட்டே வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இங்கே வந்து சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

உடையைப் பற்றி ஒன்றே ஒன்று: ஜூலையில் கீழே ஊரில் 28 டிகிரி இருக்கும், அதே நாள் மதியம் மலை உச்சியில் பனி கொட்டும். ஒரே தடி ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக மூன்று உடையும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட்டும் உதவும். கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். பனிமேல் பட்டுத் திரும்பும் வெயில் நம் நிறத்தையும் விட்டுவைக்காது.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளைச் சீட்டோடு கொண்டுவாருங்கள். நம் ஊரில் கேட்டவுடன் தரும் பல மருந்துகளை இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள்.

பணமும் போனும்

யூரோவை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே நாணயம் சுவிஸ் பிராங்க். பெரிய கடைகளில் யூரோ நோட்டை வாங்குவார்கள், ஆனால் அவர்கள் சொன்னதுதான் ரேட், மீதியும் பிராங்காகத்தான் வரும். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கையில் நூறு பிராங்க் ரொக்கம் இருந்தால் சமாளித்துவிடலாம். கார்டைத் தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டவா, பிராங்கில் கட்டவா' என்று மெஷின் கேட்டால், எப்போதும் பிராங்க்தான். ரூபாய் என்று தொட்டால் மோசமான மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும்.

சில்லறையில் ஒரு குழப்பம் உண்டு. அரை பிராங்க் நாணயம் 20 ரேப்பன் (நம் பைசா மாதிரி, நூறு சேர்ந்தால் ஒரு பிராங்க்) நாணயத்தைவிடச் சிறியது, அதில் 50 என்றும் போட்டிருக்காது, அரை என்ற பின்னம்தான் இருக்கும். சித்தி அதைச் செல்லாக்காசு என்று நினைத்து ஒரு வாரம் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

சிம் கார்டில் ஏமாறுகிறவர்கள் இன்னும் அதிகம். பாரிஸிலோ மிலானிலோ 'ஐரோப்பா முழுக்கச் செல்லும்' என்று வாங்கும் சிம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் இலவச ரோமிங் தருவதாக இருக்கலாம். சுவிட்சர்லாந்து அதில் சேராது. ரயில் எல்லையைத் தாண்டிய சில நிமிடங்களில் பேலன்ஸ் காலியாகும். வாங்கும்போது நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனீவாவிலும் பாசலிலும் இதற்குத் தலைகீழ் தொல்லை. எல்லை பக்கத்திலேயே இருப்பதால், போன் தானாகப் பிரெஞ்சு நெட்வொர்க்கில் ஏறிக்கொள்ளும்.

ரயில், இதில்தான் எல்லாம் இருக்கிறது

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூரிக் மத்திய நிலையம். ஜெனீவாவிலும் அப்படித்தான், ஏழு நிமிடம். டாக்சியைத் தேட வேண்டாம், தேடினால் மனசு நோகும்.

இங்கே ரயில்கள் கடிகார முள்ளோடு ஓடுகின்றன. 10:02-க்கு ஒரு ரயில் என்றால் பெரும்பாலும் 11:02-க்கும் 12:02-க்கும் உண்டு, முக்கியத் தடங்களில் அரை மணிக்கு ஒன்று. இந்த முறையை நாடு முழுக்க 1982-இல் கொண்டுவந்தார்கள். அதனால் நம் ஊர் மாதிரி முன்பதிவு, பெர்த், ஆர்.ஏ.சி. பதற்றம் எதுவும் கிடையாது. டிக்கெட் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி, காலியான இருக்கையில் உட்காரலாம். பனோரமா சுற்றுலா ரயில்கள் சிலவற்றுக்கு மட்டும் தனியாக இருக்கை பதிய வேண்டும். ரயில் மாறுவதற்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், ஐந்து நிமிடத்தில் மாற முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் அட்டவணை போட்டிருக்கிறார்கள். போனில் சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. (SBB) ஆப் போட்டுக்கொண்டால் எந்த பிளாட்பாரம் என்பதுவரை அதிலேயே வரும்.

நுழைவாயிலில் டிக்கெட்டைப் பார்க்கும் கதவு எதுவும் இல்லை. அதைப் பார்த்து 'யாரும் செக் பண்றதில்லையே' என்று நினைத்தால் தொலைந்தீர்கள். பரிசோதகர் ரயிலுக்குள் வருவார். டிக்கெட் இல்லையென்றால் ஏறக்குறைய 100 பிராங்க் அபராதம், 'ஊருக்குப் புதுசு' என்ற விளக்கம் எடுபடாது. ஆப்பில் வாங்கும் டிக்கெட்டை ரயில் நகர்வதற்கு முன்பே வாங்கி முடித்திருக்க வேண்டும். பெட்டியில் பெரிதாக 1 என்று போட்டிருந்தால் அது முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு அங்கே போய் உட்கார்ந்தாலும் அபராதம்தான்.

இனி, எந்த பாஸ் வாங்குவது? எல்லோரும் கேட்கும் கேள்வி. என் கணக்கு இது.

தினமும் ஊர் மாறுகிறீர்கள், இன்று லுட்செர்ன், நாளை இன்டர்லாகன், மறுநாள் மொன்ட்ரோ என்றால் சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கிறது. ரயில், பஸ், ஏரிப்படகு, நகர டிராம் எல்லாம் அடக்கம். 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. ரிகி மலை ரயிலும் இதில் சேரும். 1871-இல் ஓடத் தொடங்கிய அதுதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில்.

ஒரே ஊரில் தங்கி மலைமலையாக ஏறப்போகிறீர்கள் என்றால் அரைக்கட்டண அட்டை வாங்குங்கள். ஒரு மாதம் செல்லும், டிக்கெட் எல்லாம் பாதி விலை. பணத்தை உறிஞ்சுவது ஊருக்கு ஊர் போகும் ரயில்களைவிட மலை ரயில்களும் கேபிள் கார்களும்தான். யுங்ஃபிராவ்யோக் என்ற உயரமான மலை நிலையத்துக்குப் போய்வர முழுக் கட்டணம் கோடையில் 200 பிராங்கைத் தாண்டும். டிராவல் பாஸ் வைத்திருந்தால் மலைக்கிராமம்வரை இலவசம், அதற்கு மேலே 25 சதவீதம்தான் தள்ளுபடி. அரைக்கட்டண அட்டைக்கு 50 சதவீதம். விலையுயர்ந்த பாஸை வாங்கியவர் உச்சிக்குப் போகும் கவுன்டரில் நின்று முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தேதி உறுதி என்றால் சேவர் டே பாஸ் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் முழுக்க நாடு முழுக்கச் சுற்றலாம். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், முதலில் வாங்குகிறவருக்கு மலிவு, தேதி நெருங்க நெருங்க விலை ஏறும். ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். 6 முதல் 15 வயதுவரை, டிராவல் பாஸோ அரைக்கட்டண அட்டையோ வாங்கும்போது கூடவே குடும்ப அட்டை கேளுங்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது, அப்பா அல்லது அம்மாவோடு போனால் பிள்ளைகளுக்கு இலவசம்.

நான் வந்த புதிதில் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்தில் லவுட்டர்புருன்னன் போகும் மலை ரயிலில் ஏறினேன். சரியான பிளாட்பாரம், சரியான நேரம், ஜன்னல் இருக்கை. வழியில் ஸ்வைலுட்ஷினன் என்ற சின்ன நிலையத்தில் ரயில் நின்றது, இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குப் போனது. நான் உட்கார்ந்திருந்த பாதி கிரின்டல்வால்டுக்குப் போனது. அறிவிப்பு வந்திருக்கும், நான் ஜன்னலுக்கு வெளியே அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் பல ரயில்கள் இப்படி வழியில் பிரியும். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி, டி என்று பகுதிப் பலகைகள் தொங்கும். எந்தப் பகுதியில் நிற்கும் பெட்டி எந்த ஊருக்கு என்று மேலே உள்ள திரையில் வரும். பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். தப்பாகப் போய்விட்டாலும் குடி முழுகாது, அடுத்த ரயில் அரை மணியில் வரும்.

தங்குமிடம்

பல ஊர்களில் ஹோட்டலில் தங்கினாலே விருந்தினர் அட்டை ஒன்று கொடுப்பார்கள். பெர்ன், பாசல், ஜெனீவாவில் அதைக் காட்டி நகருக்குள் பஸ், டிராம் இலவசமாகப் போகலாம். தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிசினோவில் மாநிலம் முழுக்கவே இலவசம். நீங்கள் கட்டும் சுற்றுலா வரியில்தான் இது வருகிறது, ஆனால் சில இடங்களில் கேட்டால்தான் நினைவுக்கு வந்து எடுத்துத் தருவார்கள். கேளுங்கள்.

அடுப்போடு கூடிய அடுக்குமாடி வீட்டை எடுத்துத் தங்குகிறீர்கள் என்றால் வீட்டுக்காரர் ஒரு தாளில் விதிகள் எழுதி வைத்திருப்பார். சிரிக்காமல் படியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிறன்று கண்ணாடிப் பாட்டிலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாது, உடையும் சத்தம் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யுமாம். பெரும்பாலான ஊர்களில் குப்பையை அந்த ஊர் வரி சேர்த்து விற்கும் பையில்தான் போட வேண்டும். கறுப்புக் கவரில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனால், பையைப் பிரித்து யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்து அபராதம் போடுவார்கள். மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

கடை, தண்ணீர், சாப்பாடு

பல ஊர்களில் கடைகள் வேலை நாட்களில் மாலை ஏழு மணிவாக்கில் மூடிவிடும், சனிக்கிழமை ஐந்து அல்லது ஆறு மணிக்கே. ஞாயிறு முழுக்க மூடல். புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், ஆகஸ்ட் 1 தேசிய நாள் எல்லாமும் அப்படியே. விதிவிலக்கு, பெரிய ரயில் நிலையங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் உள்ளே இருக்கும் கடைகள். சித்தப்பா வந்த அன்று பாலும் தயிரும் வாங்க மறுபடி நிலையத்துக்குத்தான் ஓடினேன். அங்கே கூட்டம் நம் ஊர் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும்.

சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பெரிய பெயர்கள்: மிக்ரோஸ், கோப். மிக்ரோஸை 1925-இல் காட்லீப் டுட்வைலர் தொடங்கினார். அங்கே இன்றும் மதுவும் சிகரெட்டும் விற்பதில்லை. இரண்டிலும் மலிவு ரகத்துக்குத் தனி முத்திரை உண்டு: மிக்ரோஸில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரன்டி. அரிசி, பால், ரொட்டி, பாஸ்தா எல்லாம் அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். கடை மூடுவதற்கு முன்னால் சாண்ட்விச், சாலட், கேக் மேல் 25, 50 என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதாவது அத்தனை சதவீதம் தள்ளுபடி. எங்கள் வீட்டுப் பையன் அந்த நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

காய்கறி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தக்காளிக் கூடைக்கு மேலே ஓர் எண் இருக்கும். தக்காளியைப் பக்கத்தில் உள்ள தராசில் வைத்து, அந்த எண்ணை அழுத்தினால் விலைச்சீட்டு வரும், அதைப் பையில் ஒட்டிக்கொண்டு பில் போடப் போக வேண்டும். ஒட்டாமல் போனால் வரிசையில் பின்னால் நிற்கும் பத்துப் பேர் காத்திருக்க, நீங்கள் திரும்பி ஓட வேண்டியிருக்கும். கோபமாகக் கத்த மாட்டார்கள். அமைதியாகப் பார்ப்பார்கள், அது இன்னும் கஷ்டம்.

தண்ணீர் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். சூரிக்கில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். குடிக்கக் கூடாத இடத்தில் 'கைன் ட்ரிங்க்வாசர்' என்றோ, கோடு போட்ட தம்ளர் படமோ இருக்கும். பெர்னில் பதினாறாம் நூற்றாண்டு நீரூற்று ஒன்றின் உச்சியில் ஒரு பூதம் குழந்தையை விழுங்கிக்கொண்டிருக்கும், சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஹோட்டலில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீர் கேட்டால் மட்டும் சில இடங்களில் காசு வாங்குவார்கள்.

ஹோட்டலில் ஒரு சாப்பாடு 25, 30 பிராங்க் சாதாரணம். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சேவைக் கட்டணம் 1974-லிருந்தே விலையில் அடக்கம். 28.50 வந்தால் 30 கொடுத்து எழுந்திருக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: 'வெகெடாரிஷ்' என்ற சொல் போதும், பரிமாறுகிறவருக்கு உடனே புரியும். சூரிக்கில் 1898-இல் தொடங்கிய ஹில்ட்ல், உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸில் இடம்பெற்றது. வேறு இடங்களில் சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'கேஸெ' என்றால் பாலாடைக்கட்டி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி 'ஃப்ளைஷ்கேஸெ' வாங்கினால் அதில் பாலாடைக்கட்டி துளியும் இராது, முழுக்க அரைத்த மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும்தான். உருளைக்கிழங்கைச் சீவி வறுத்த ரோஷ்டியில் பல இடங்களில் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் மெனுவில் ரின்ட், கால்ப் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஷ்வைன் பன்றி, பூலே கோழி. பாலாடைக்கட்டியை உருக்கிச் செய்யும் ஃபாண்டூவில் ஒயின் ஊற்றித்தான் செய்வார்கள். க்ரூயேர் போன்ற பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். அதுவரை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறும் ரசமும் இல்லாமல் ஒரு வாரம் தாண்டாது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. 1983-க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறக்குறைய 50,000 பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் நிலையத்தைச் சுற்றி எங்காவது தமிழ்க் கடை இருக்கும், முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியப்ப மா எல்லாம் கிடைக்கும். சுவிஸ் ஹோட்டல் சமையலறைகளிலும் பலர் வேலை பார்க்கிறார்கள். மேசையில் நீங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்தியாவில எவடம்?" என்று கேட்பது எனக்கே நடந்திருக்கிறது. பெர்னில் ஐரோப்பா பிளாட்ஸ் நிலையத்தை ஒட்டி 2014-இல் திறந்த 'மதங்களின் இல்லம்' இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் சைவக் கோயில், மசூதி, பௌத்த மையம், தேவாலயம். கோயிலில் தமிழில் பூசை நடக்கும். சுற்றுலாக் கையேடுகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் பெர்னில் கரடிப் பூங்காவுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

மலைக்குப் போகும் நாள்

முந்தின நாளே டிக்கெட் வாங்காதீர்கள். காலையில் எழுந்து, போகும் மலையின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். எல்லாப் பெரிய மலை நிலையங்களும் இணையத்தில் கேமரா வைத்திருக்கின்றன. திரை வெள்ளையாக இருந்தால் நீங்கள் நேரில் போனாலும் வெள்ளையாகத்தான் தெரியும். நவம்பர் மாதிரி மாதங்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: சூரிக்கும் பெர்னும் நாள்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்க, ஆயிரம் மீட்டருக்கு மேலே வெயில் அடிக்கும், கீழே மேகம் கடல் மாதிரி விரிந்திருக்கும். ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாமல் கேமராவைப் பார்த்து முடிவு செய்யச் சொல்வது அதனால்தான். அப்புறம், ஏப்ரல் முதல் மே வரையிலும் நவம்பரிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மலிவான விமான டிக்கெட் கிடைத்தது என்று அந்த வாரங்களில் வந்து, மூடிய நிலையத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்துப் போனவர்கள் உண்டு.

யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து 16 ஆண்டு வேலை செய்து 1912-இல் திறந்தார்கள். மேலே போனதும் உற்சாகத்தில் ஓடாதீர்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தலை சுற்றினால் அடுத்த ரயிலில் இறங்குங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. அந்தச் செலவு அதிகம் என்றால், லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடப்பதற்கு ஒரு காசும் வேண்டாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாவ்பாக் அருவி ஊருக்குப் பக்கத்திலேயே விழுகிறது.

நடைபாதைகளில் மஞ்சள் பலகை இருக்கும். அதில் கிலோமீட்டர் இருக்காது, நடக்கும் நேரம்தான் இருக்கும். 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருந்தால் அது சுவிஸ் கால்களின் கணக்கு, உட்கார்ந்து எழுவதும் அதில் சேராது. நம் கணக்குக்கு இரண்டு மணி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சள் குறி என்றால் யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள். பாதையில் எதிரே வருகிறவர் வணக்கம் சொல்வார். சூரிக் பக்கம் 'க்ரூயெட்சி', பெர்ன் பக்கம் 'க்ரூயெஸ்ஸெக்', பிரெஞ்சுப் பகுதியில் 'போன்ஷூர்'. நன்றிக்கு ஜெர்மன் பகுதியிலும் 'மெர்சி' என்றே சொல்லலாம். நான்கு அரசு மொழிகள் இருந்தாலும் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் முதல் சொல் அவர்கள் மொழியில் வந்தால் முகம் மலரும்.

அவசரம் என்றால்

போலீஸ் 117, தீயணைப்பு 118, ஆம்புலன்ஸ் 144. எதுவும் நினைவில் இல்லையென்றால் 112. மலையில் மாட்டிக்கொண்டால் ரேகா (Rega) என்ற மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு 1414. நாடு பாதுகாப்பானதுதான், அதற்காகப் பையைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். விமான நிலையத்துக்குப் போகும் ரயில்களில் பைத் திருட்டு உண்டு. பெட்டி மேலே, பாஸ்போர்ட் உடம்போடு.

திரும்பும் நாள்

ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கியிருந்தால் 8.1 சதவீத வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே படிவம் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு வந்து நின்றால் ஒன்றும் நடக்காது. சாக்லேட்டை விமான நிலையத்தில் வாங்காதீர்கள், முந்தின நாளே சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள். பத்து வீட்டுக்குக் கொடுக்க அங்கே மூன்றில் ஒரு பங்கு செலவு மிச்சமாகும். நாணயங்களை நம் ஊரில் மாற்றித் தர மாட்டார்கள், மிச்சம் இருப்பதை அந்த சாக்லேட்டுக்கே கொட்டிவிடுங்கள். மாமாவுக்கு வாங்கிய சிவப்புப் பேனாக்கத்தி பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள், போன வருடம் அது சித்தப்பா.